வழவழப்பு

வாஷிங் மெஷின் இருந்த அறைதான் அவளுடைய பட்டறை. மெஷினைக் குளியலறைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பேனா கடைவதற்குச் சின்ன லேத் ஒன்றை வைத்திருந்தாள். மேலே ஒரு பலகை. அதில் நெற்றுகள் காய்ந்துகொண்டிருக்கும்.

பூங்கா ஓரத்து மரங்களின் நெற்று. சோளக்கதிர் அளவு, கட்டையின் கனம். உடம்பெல்லாம் பழுப்பு நிறப் பூனைமயிர். நடுநடுவே உதடு பிரிந்த சின்னச் சின்ன வாய்கள். விதைகள் வெளியே பறந்த வழி அது.

வாய்கள்தான் தொல்லை. அப்படியே கடைந்தால் உளி அதில் மாட்டும், நெற்று சிதறும். அதனால் முதலில் நிறம் கலந்த பிசினை ஊற்றி வாய்களை அடைப்பாள். பிசின் இறுகியதும் துளையிட்டு, பித்தளைக் குழாயைச் செருகி, லேத்தில் மாட்டிக் கடைவாள். பிறகு உப்புத்தாள், கரட்டில் தொடங்கி நைசு வரை வரிசையாக. கடைசியில் மெருகுப் பசை. நல்ல பேனாவில் எது நெற்று, எது பிசின் என்று கண்ணுக்குத் தெரியலாம். விரலுக்குத் தெரியக் கூடாது.

அதைச் சோதிக்கும் விரல் அவளுடையது அல்ல. உளி பிடித்துப் பிடித்து அவள் விரல்கள் காய்த்துவிட்டன. கணவரின் கட்டைவிரல்தான் தீர்ப்புச் சொல்லும். மெருகுக்கு முன்னால் பேனாவை அவரிடம் நீட்டுவாள். அவர் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்து, கண்ணை மூடி, மேலிருந்து கீழாக ஒரு முறை ஓட்டுவார். அவர் இல்லை என்று சொன்னால் அவள் மறுபடியும் உப்புத்தாளை எடுப்பாள். அதில் மேல்முறையீடு கிடையாது.

அவர் பழைய சாமான் ஏலம் விடுகிறவர். ஏலக்கூடத்தில் அவருக்கு வெண்கலம் என்று பெயர். மைக் கெட்டுப்போனால் யாரும் கவலைப்பட்டதில்லை. கால் உடைந்த நாற்காலிக்கு ஒரு பரம்பரையே சொல்லி விற்றுவிடுவார். வீட்டிலும் அதே தொண்டைதான். உப்பு எங்கே என்று அவர் கேட்டால் தெருமுனை வரை கேட்கும்.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. மூச்சு அது வழியாகத்தான். அதன் மேல் மெல்லிய துணி ஒன்று தொங்கும். தூசி ஆகாது. லேத் ஓடும்போது அவர் உள்ளே வரக் கூடாது. பட்டறைக் கதவில் பாதிக்குமேல் கண்ணாடி. அதற்கு வெளியே, நடையில், அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தாள்.

மருத்துவமனையில் குரல் கருவி ஒன்று கொடுத்தார்கள். தாடைக்குக் கீழே வைத்து அழுத்தினால் பேச்சு வரும். அவர் ஒரு தடவை பேசிப் பார்த்தார். பிறகு தாள் கேட்டு எழுதினார்: ‘கொசு ஏலம் விடுது.’ கருவி இழுப்பறைக்குள் போனது.

தொடக்கத்தில் எழுதித் தள்ளினார். வீடெங்கும் சீட்டுகள். ஃபிரிட்ஜ் கதவில், தலையணைக்கு அடியில், ஒரு நாள் அவளுடைய செருப்புக்குள். அவள் படிக்கும்போதே அடுத்ததை நீட்டுவார். பேசியபோது எப்படிக் குறுக்கே விழுந்து பேசுவாரோ அதே மாதிரி.

அதன் பிறகு மருந்து ஏற்றினார்கள். அது முடிந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து சீட்டுகள் குறைந்தன. பக்கம் வரியானது. வரி சொல்லானது. பிறகு வெறும் தலையாட்டல். குரலை எடுத்தபோதுகூட வீடு இவ்வளவு அமைதியாக இருக்கவில்லை. காலையில் செருப்பு மாட்டும்போது அவள் உள்ளே குனிந்து பார்ப்பாள். ஒன்றும் இருக்காது.

அவருக்கென்று ஒரு பேனா கடைந்தாள். கறுப்புப் பிசின், கண்ணாடி போல மெருகு. முகம் பார்க்கலாம். அவர் வாங்கிக்கொண்டார், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார், ஒரு வார்த்தை எழுதினார், மேசைமேல் வைத்தார். பேனா அங்கேயே கிடந்தது.

“என்னங்க, ஏதாவது எழுதுங்களேன்.”

தோளைக் குலுக்கினார்.

“கோவமா?”

இல்லை.

“வலிக்குதா?”

இல்லை.

“பின்ன என்ன?”

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசையில் கிடந்த பேனாவை எடுத்து எழுதினார். ‘ஒண்ணுமில்ல.’ ஓடும் பஸ்ஸில் எழுதியது போல எழுத்து ஆடியது.

அவள் அந்தச் சீட்டை மடித்து ஏப்ரனில் போட்டுக்கொண்டாள். பேச ஒன்றும் இல்லாத வெண்கலத்தை அவளுக்குத் தெரியாது. அவரோடு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்றும் தெரியவில்லை.

*

பேனாக்களை விற்பவள் அவருடைய தங்கை. பரிசுப் பொருள் கடை வைத்திருக்கிறாள். அண்ணனின் தொண்டையில் பாதி அவளுக்கும் உண்டு. அன்று கதவைத் திறக்கும்போதே பேசிக்கொண்டு வந்தாள்.

“அண்ணி, கோவிச்சுக்கக் கூடாது. சொல்லாமலும் இருக்க முடியல.”

கைப்பையிலிருந்து பேனாக்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

“என்ன ஆச்சு?”

“பிடிக்கிற எடத்துல சொரசொரங்குது. வாங்கிட்டுப் போன அம்மா திரும்பி வந்து, ‘பேனா கேட்டா அரத்தக் குடுத்திருக்கீங்களே, நகம் தேய்க்கவா’ன்னு கேக்கறாங்க. இன்னொருத்தர் சட்டைப் பையில வச்சாராம். நூல உருவிடுச்சாம்.”

அவள் ஒரு பேனாவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தாள். வெளிச்சத்தில் கோடுகள் தெரிந்தன. ஒரு வாயின் ஓரத்தில் பிசின் இறங்கி, நெற்றின் விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றது. இவ்வளவு மோசமான ஒன்று இந்த வீட்டு வாசலைத் தாண்டியதில்லை.

“அண்ணா பாத்துத்தானே வந்துச்சு?” என்றாள் தங்கை. எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தாள். “என்னண்ணா, உங்க கட்டைவிரலும் ரிட்டயர் ஆயிடுச்சா?”

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே வலது கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனார்.

அவள் அதைப் பார்த்தாள்.

“அவர் பாக்கல,” என்றாள். “அவசரத்துல நான்தான் காட்டாம குடுத்துட்டேன்.”

“அதானே பாத்தேன். அண்ணா கைக்கு இது தப்புமா?”

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தங்கை புறப்படும் வரை கை மேசைக்கு அடியிலேயே இருந்தது.

*

மறுநாள் அவள் ஒரு பேனா உடம்பை எடுத்தாள். மிகக் கரடான உப்புத்தாளை மட்டும் ஓட்டினாள். அதோடு நிறுத்தினாள். காய்த்துப்போன தன் விரலுக்கே அது கீறியது. தூசி அடங்கியதும் கதவைத் திறந்து நீட்டினாள்.

“பாத்துச் சொல்லுங்க.”

அவர் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்தார். கண்ணை மூடினார். மேலிருந்து கீழாக ஓட்டினார். தலையாட்டினார். சரி.

“நல்லாப் பாத்தீங்களா?”

இன்னொரு முறை ஓட்டினார். இன்னும் பலமாகத் தலையாட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். லேத்தை ஓடவிட்டாள். அதில் ஒன்றும் மாட்டவில்லை. சத்தம் மட்டும் வேண்டியிருந்தது.

மாலையில் மொட்டைமாடிக்குப் போய் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். மருந்து ஏற்றிய நர்ஸ் அவரை மறக்கவில்லை.

“ஆமாம்மா, அந்த மருந்துக்கு விரல் நுனி மரத்துப் போகும். அப்பவே அவர்கிட்ட சொன்னோமே. திரும்பி வருமான்னு கேட்டாரே, எழுதி.”

“என்ன சொன்னீங்க?”

“சிலருக்கு வரும். மெதுவா வரும். சிலருக்கு அப்படியே நின்னுடும். வீட்ல சொல்லலையா?”

“சொன்னாரு,” என்றாள் அவள். “நான்தான் சரியா கவனிக்கல.”

அதற்குப் பிறகு எல்லாம் கண்ணில் பட்டது. சட்டைப் பித்தானைக் குனிந்து பார்த்துக்கொண்டே போடுகிறார். டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். போனில் ஓர் எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுகிறது, போனைக் கவிழ்த்து வைக்கிறார். கறுப்புப் பேனாவை ஒரு நாள் எடுத்தார். அது விரல்களுக்கு நடுவில் உருண்டு தரையில் விழுந்தது. பொறுக்கி, துடைத்து, பழைய இடத்தில் வைத்தார்.

அன்று இரவுச் சமையலுக்கு முன் அவள் பாத்திரம் கழுவும் ரப்பர் உறையைக் கையில் மாட்டினாள். அதன்மேல் இன்னொன்று. மேசையில் உட்கார்ந்து அந்தக் கறுப்புப் பேனாவால் எழுதிப் பார்த்தாள். மீன் போல வழுக்கியது. இறுக்கிப் பிடித்தால் எழுத்து ஆடியது. தளர்த்தினால் பேனா ஓடியது. இரண்டு வரி எழுதுவதற்குள் மணிக்கட்டு வலித்தது. அதில் அவள் எத்தனை நாள் மெருகு போட்டாள் என்பதும் நினைவுக்கு வந்தது.

எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாம். அவர் தலையாட்டுவார். அதோடு கதவோரத்து நாற்காலியிலிருந்து எழுந்து போய்விடுவார். அந்த வீட்டில் அவரிடம் மிச்சம் இருந்த வேலை அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான். அது போய்விட்டது என்று தெரிந்தால் அந்த நாற்காலியில் அவருக்கு என்ன வேலை?

உறைகளைக் கழற்றிவிட்டுப் பருப்பை அடுப்பில் வைத்தாள்.

*

பிசின் ஊற்றாமல் கடைவது என்று முடிவு செய்தாள். கைப்பழக்கம் முழுவதும் அதற்கு எதிராக நின்றது. மெல்லிய பசையை மட்டும் நெற்றுக்குள் ஊறவிட்டாள். வாய்களைத் திறந்தபடியே விட்டாள்.

முதல் நெற்று உளி பட்டதும் வெடித்தது. துண்டுகள் முகக்கவசத்தில் பட்டுத் தெறித்தன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் எழுந்து நின்றார்.

“ஒண்ணுமில்ல, உக்காருங்க!”

இரண்டாவதற்கு உளியைத் தீட்டித் தீட்டி வந்தாள். சீவலாக எடுக்காமல் தூளாக எடுத்தாள். நெற்று தாங்கியது. உடம்பை மெலிய விடவில்லை. கட்டைவிரல் பருமனில் நிறுத்தினாள். பிடிக்கும் இடத்தில் மூன்று வாய்கள் வருவது போல முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தாள். கையைக் கிழிக்காத அளவுக்கு உதடுகளை மட்டும் லேசாகத் தேய்த்தாள். மெருகு இல்லை.

ரீஃபில் போட்டு முடித்ததும் அதைத் தள்ளி வைத்துப் பார்த்தாள். அவள் கடைந்ததிலேயே அசிங்கமான பேனா அதுதான். ரப்பர் உறைகளை மாட்டிக்கொண்டு எழுதினாள். வழுக்கவில்லை.

தரையைப் பெருக்கினாள். தூசி அடங்கக் காத்திருந்தாள். கதவைத் திறந்தாள்.

“பாத்துச் சொல்லுங்க.”

அவர் கட்டைவிரலைத் துடைத்தார். கண்ணை மூடினார். விரல் மேலிருந்து இறங்கியது. நின்றது. ஒரு வாய்க்குள் இறங்கி அங்கேயே இருந்தது. மேலே போனது. திரும்பி வந்தது. மறுபடியும் அதே இடத்தில் இறங்கியது. நெற்றியில் ஒரு கோடு விழுந்தது.

கண்ணைத் திறந்து தலையை இடமும் வலமும் ஆட்டினார். இல்லை.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் ஒரு பேனாவுக்கும் இல்லை என்று சொன்னதில்லை.

“சரியில்லையா?”

இல்லவே இல்லை.

“என்ன சரியில்ல?”

பேனாவைச் சுட்டினார்.

“எனக்குப் புரியல. எழுதிக் காட்டுங்க.” சீட்டுக் கட்டை அவர் முழங்காலில் வைத்தாள்.

அவர் வேறு பேனாவுக்காகச் சுற்றிப் பார்த்தார்.

“அதுலயே எழுதுங்க. ரீஃபில் போட்டாச்சு.”

எழுதினார்.

‘பிசின் ஊத்த மறந்துட்டியா? எலி கடிச்ச மாதிரி இருக்கு. எங்க தொட்டாலும் குழி. இத வாங்குறவன் காச திருப்பிக் கேக்க மாட்டான், போலீசக் கூட்டிட்டு வருவான்.’

“அவ்வளவு மோசமாவா இருக்கு?”

‘கேக்காத. உளிய தீட்டினியா இல்லையா?’ தாளைத் திருப்பினார். ‘இதவிட மோசமா ஒரு மேஜை வித்திருக்கேன். கரையான் அரிச்சது. காத்தோட்டமான மேஜைன்னு சொன்னேன். ரெண்டு பேர் போட்டி போட்டாங்க. ஆனா அதுக்கு என் தொண்டை இருந்தது. இதுக்கு யார் இருக்கா? என் தங்கச்சியா? அவ உண்மைய சொல்லிடுவா.’

அடுத்த தாள். கட்டைவிரல் ஒரு வாயில், ஆள்காட்டி விரல் ஒன்றில், நடுவிரல் ஒன்றில் உட்கார்ந்திருந்தன. பேனா உருளவில்லை. எழுத்து நேராக நடந்தது. அவள் படிக்கும்போதே கையிலிருந்த தாளைத் தட்டி அடுத்ததை நீட்டினார்.

வரியின் நடுவில் கை நின்றது.

விரல்களைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். பிறகு அவளை.

‘உனக்குத் தெரியும்.’

“ம்.”

‘எப்போ?’

“அரம் திரும்பி வந்த அன்னைக்கு.”

‘தங்கச்சிக்கு?’

“தெரியாது.”

கழுத்துத் துணி ஏறி இறங்கியது. பிறகு சின்ன எழுத்தில் எழுதினார்.

‘இனிமே என் விரல வச்சு நீ என்ன பண்ணுவ?’

பதில் ஒன்று தயார் செய்துவிட வேண்டும் என்று லேத் முன்னால் நின்று பலமுறை முயன்றிருந்தாள்.

“தெரியலங்க,” என்றாள். “யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒண்ணும் தோணல.”

அவர் தலையாட்டினார். அவளுடைய ஏப்ரன் பையில் மெருகுக்குக் காத்திருந்த பேனா ஒன்று தலை நீட்டிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அதை எடுத்தார். கண்ணை மூடினார். பேனாவைத் தன் கன்னத்தில் வைத்துக் காதிலிருந்து தாடை வரை மெதுவாக இழுத்தார். பாதியில் நிறுத்தி, அதே இடத்தில் மறுபடியும் இழுத்தார்.

‘இதுல கோடு இருக்கு.’

அவள் ஜன்னலுக்குப் போய்ச் சாய்த்துப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கோடு இல்லங்க. அது உங்க தாடி.”

அவர் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். கைக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை புறங்கையால் தடவினார்.

*

கழுத்தில் துளை இருக்கும் இடத்தில் மரத்த கையால் சவரம் செய்ய முடியாது. அதனால்தான் அவர் அதைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார் என்பதும் அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. மறுநாள் காலை வாளியில் வெந்நீர் எடுத்து வந்தாள். துண்டைச் சுற்றினாள். நுரை தடவினாள்.

“ஆடாம இருங்க.”

அவர் எலி கடித்த பேனாவை எடுத்தார்.

‘நீ இதுவரைக்கும் உயிருள்ளது எதையும் கடைஞ்சதில்ல.’

“உளி பிடிக்கிற கைதானே. பயப்படாதீங்க.”

‘உப்புத்தாள் வேண்டாம்.’

“வாய வச்சிக்கிட்டு சும்மா இருக்க மாட்டீங்களே. தாடைய தூக்குங்க.”

காதோரத்திலிருந்து இறக்கினாள். கழுத்துக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள், அந்தத் துளை தன்னுடையது என்பதுபோல. முடிந்ததும் துடைத்துவிட்டு, தன் காய்த்த விரலால் தடவிப் பார்த்தாள். அதை நம்பாமல் கன்னத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

“சரி,” என்றாள்.

அவர் நேற்று கோடு இருப்பதாகச் சொன்ன பேனாவைக் கேட்டார். கன்னத்தில் இழுத்தார். கண்ணைத் திறந்து எழுதினார்: ‘கோடு இல்ல. ஆனா கிளிப் வர்ற எடத்துக்குக் கீழ ஒரு மேடு இருக்கு.’

வெளிச்சத்தில் பார்த்தாள். கண்ணுக்குத் தெரியவில்லை. நைசு உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தில் ஓட்டினாள். வெள்ளைத் தூள் அங்கே மட்டும் எழும்பியது. மேடு இருந்தது.

அதற்குப் பிறகு பட்டறை வேலை கெட்டது.

லேத் சுழன்று வேகம் பிடிக்கும்போது கண்ணாடியில் டொக் டொக் என்று தட்டல் வரும். திரும்பினால் ஒரு சீட்டு கண்ணாடியில் ஒட்டியிருக்கும். ‘போஸ்ட்மேன் புது செருப்பு போட்டிருக்கார். ஒரு கால் சத்தம் போடுது.’ அவள் தலையாட்டிவிட்டு உளியை வைப்பாள். டொக் டொக். ‘இந்த நாற்காலி ஆடுது.’ உளியை எடுப்பாள், வைப்பாள். டொக் டொக். ‘ஆடல. தரைதான் ஆடுது. கட்டினவன் யாரு?’

“வரேங்க, இத முடிச்சிட்டு.”

டொக் டொக். ‘உனக்குப் பின்னால பலகையில மூணாவது நெற்று. அத எனக்கு எடுத்து வை. இன்னொரு பேனா வேணும். இது தீர்ந்துபோகும்.’

“ரீஃபில் தீர்ந்தா வேற போட்டுக்கலாங்க!”

டொக் டொக். ‘தங்கச்சி போன் பண்ணா. என் பேனாவப் பத்தி கடையில சொல்லியிருக்கா. அரத்த திருப்பிக் குடுத்த அம்மாவுக்கு இதே மாதிரி எலி கடிச்ச பேனா வேணுமாம். அவங்க வீட்டுக்காரருக்கு விரல் மடங்காதாம். நான் எதுவும் சொல்லல. சொல்லவும் முடியாது.’

அவள் அதைப் படித்தாள். சரி என்று கை காட்டினாள். உளியை நெற்றின் உதட்டில் வைத்தாள். கொஞ்சம் பிசகினாலும் சிதறும் இடம். மூச்சை அடக்கினாள்.

டொக் டொக் டொக்.

லேத்தை நிறுத்தினாள். முகக்கவசத்தைத் தூக்கினாள்.

“கடவுளே! கொஞ்ச நேரம் பேசாம இருங்களேன்!”

சத்தம் அடங்கிய அறையில் அது பெரிதாகக் கேட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சீட்டோடு அப்படியே நின்றார். அவள் கையை வாயில் வைத்தாள். என்ன சொன்னோம் என்று அப்போதுதான் உறைத்தது.

அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. கழுத்துத் துணி படபடவென்று அடித்துக்கொண்டது. கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார், சீட்டுக் கட்டை முழங்காலில் வைத்தார், எழுதத் தொடங்கினார்.

அவள் சுவிட்சில் கையை வைத்தபடி காத்திருந்தாள். அவர் முதல் தாளைத் திருப்பி இரண்டாவதற்குப் போனார். முடிக்கிற வழியாகத் தெரியவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.